நந்தினிக்கு நான் போட்ட அட்டவணை

பிள்ளைகளுக்குப் படிப்புத் திட்டம் போட்டுத் தரும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேரிடமும் வந்து ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். பேசினால் முக்கியமானதை விழுங்கிவிடுவேன், எழுதியே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். படிப்பதற்கு அட்டவணை போடுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் லேப்டாப்பில் பத்தொன்பது பாடமும் பத்தொன்பது நிறத்தில் இருப்பதைப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. என் காலத்து நோட்டு அட்டவணையைக் காட்டினால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுச் சிரியுங்கள்.

முப்பத்தொரு வருடம் அரசு மருத்துவமனைகளில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் திருப்பூரில் நம்முடைய இந்தப் பயிற்சி மையத்துக்கு வந்தேன். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பிய பிள்ளைகள், இங்கே டாக்டராகப் பதிவு செய்துகொள்வதற்கு முன்னால் எழுத வேண்டிய தேர்வு நம் பிழைப்பு. முந்நூறு கேள்வி, நூற்றைம்பது சரியாக இருந்தால் பாஸ். வகுப்பு எடுப்பது என் வேலை இல்லை. தோற்றுவிட்டு வருகிற பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, எங்கே ஓட்டை என்று பார்த்து, அடுத்த ஆறு மாதத்துக்கு எப்படிப் படிக்க வேண்டும் என்று திட்டம் போட்டுத் தருவதுதான் என் வேலை. அதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

நந்தினி என்னிடம் வந்தபோது மூன்று முறை தோற்றிருந்தாள். அப்பா ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறார். மடத்துக்குளத்துப் பக்கம் இருந்த தென்னந்தோப்பை விற்றுத்தான் மகளை அனுப்பினார். பெருமாநல்லூர் சாலைப் பக்கம் சொந்த வீடு. அதே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஐந்து அறை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஐந்திலும் தெக்கத்தி ஆட்கள், எல்லோரும் பனியன் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள்.

மூன்றாவது முறை தோற்றபோது நந்தினி கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்திருக்கிறாள். தாழ்ப்பாளை உடைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அவள் அப்பா இதை என்னிடம் தனியாகச் சொன்னார். "இன்னொரு வாட்டி போச்சுன்னா அவ தாங்க மாட்டாளுங்க மேடம். நீங்கதான் பாத்துக்கோணும்" என்றார். எப்போதும் அமைதியாகப் பேசுகிற மனிதர். அன்றைக்கு இதையே இரண்டு தரம் சொன்னார்.

அந்தப் பெண்ணிடம் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நோட்ஸ் எல்லாம் மனப்பாடம். பக்க எண்ணோடு சொல்வாள். அப்பா கம்பெனியிலிருந்து அம்புக்குறி ஸ்டிக்கர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். துணியில் எங்கே குறை இருக்கிறதோ அங்கே ஒட்டுவார்களே, அதே ஸ்டிக்கர். தப்பாகப் போன கேள்விக்கெல்லாம் அதை ஒட்டி வைத்திருந்தாள். புத்தகம் முழுக்கச் சிவப்பு அம்பு. ஆனால் கேள்வியில் ஒரு நோயாளியைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் திணறிப்போவாள். படித்த நாட்டில் மொழி தெரியாது, நோயாளியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கடைசி இரண்டு வருடம் வகுப்பெல்லாம் ஃபோனில். ஆறு வருடம் டாக்டருக்குப் படித்தவள் காய்ச்சல்காரர் நெற்றியில் கை வைத்துப் பார்த்ததே கிடையாது.

வாடகைக்கு இருப்பவர்கள் உன்னிடம் வருவார்களா என்று கேட்டேன். வருவார்கள், டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், கூச்சமாக இருக்கிறது, உள்ளே போய் ஒளிந்துகொள்கிறேன் என்றாள்.

ஒளியாதே என்றேன் நான்.

இதுதான் என் திட்டம். தினமும் சாயங்காலம் ஒரு ஆளையாவது பார். என்ன செய்கிறது, எப்போதிலிருந்து, எங்கே வலி என்று கேள். நாடி பார், கண்ணைப் பார், நாக்கைப் பார். பிறகு அந்த ஒரு நோயைப் பத்தொன்பது பாடத்திலும் தேடிப் படி. வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கு உடலியல், நுண்ணுயிரியல், மருந்தியல், குழந்தை மருத்துவம் எல்லாமே வயிற்றுப்போக்குத்தான். இதைவிட நல்ல திட்டம் என் வாழ்நாளில் நான் போட்டதில்லை. இன்றைக்கும் சொல்வேன். மாதிரித் தேர்வில் நூற்றுப் பதினெட்டு எடுத்துக்கொண்டிருந்தவள் இரண்டு மாதத்தில் நூற்று நாற்பதைத் தொட்டாள், நாலாவது மாதம் நூற்று அறுபதைத் தாண்டினாள். முகமே மாறிவிட்டது. இன்றைக்கு இன்னார் வந்தார், இன்னது சொன்னார் என்று என்னிடம் கதை கதையாகச் சொல்வாள்.

மருந்து கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாதா, இதைப் போய்ச் சொல்வார்களா என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவள் மாத்திரை கொடுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதைகளிலேயே அதுவும் இருந்தது. பதிவு இல்லாதவர் வைத்தியம் பார்ப்பது குற்றம் என்பதும் எனக்குத் தெரியும். மார்க் ஏறிக்கொண்டிருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை.

தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருந்தபோது அது நடந்தது.

நாலாவது அறையில் முத்துமாரி என்ற பெண்ணும் அவள் கணவரும் நாலு வயதுப் பையனும் இருந்தார்கள். கோவில்பட்டிப் பக்கம். கணவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நாள் முழுக்க நீராவிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை. சாயங்காலம் வந்ததும் நெஞ்சுக்குழியில் கரித்துக்கொண்டு வலிக்கிறது என்றிருக்கிறார். முத்துமாரி கையோடு டாக்டரம்மாவிடம் கூட்டிவந்தாள். மத்தியானம் பரோட்டா சாப்பிட்டாராம். சட்டை தொப்பலாக நனைந்திருந்ததை நந்தினி பார்த்திருக்கிறாள். அயர்ன் போட்டுவிட்டு வருகிறவர் தினமும் அப்படித்தானே வருவார்? கேஸ் மாத்திரை ஒன்றும், குடிக்க வெள்ளை மருந்தும் கொடுத்து, காலி வயிற்றில் இருக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினாள். இரவு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு நந்தினி என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. நடந்ததை ஒரு கேள்வித்தாளில் நோயாளி விவரம் எழுதுவார்களே, அப்படியே வரிசையாகச் சொன்னாள். நாற்பது வயது ஆண், மேல் வயிற்று வலி, வியர்வை. சொல்லிவிட்டு, பையிலிருந்து போன வாரத்து மாதிரித் தேர்வுத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதே கேள்வி அதில் இருந்தது. மாரடைப்பு என்று சரியாக விடை எழுதியிருந்தாள். அதில் அம்பு ஸ்டிக்கர் இல்லை. சரியான விடைக்கு யார் ஒட்டுவார்கள்?

எனக்கு அப்போது என்ன ஞாபகம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். தாராபுரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒரு பெரிய டாக்டர் இருந்தார். சிடுமூஞ்சி. பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நெஞ்சுக்குழி வலி என்று யார் வந்தாலும், வெயிலில் வந்தவரோ வயலில் இருந்து வந்தவரோ, ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து நெற்றியைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிடுவார். பத்து நிமிடம் வேறு ஆளைப் பார்ப்பார். திரும்பி வந்து, மறுபடி வியர்த்திருக்கிறதா என்று பார்ப்பார். வெயில் வேர்வை அடங்கிவிடும், மற்றது அடங்காது. அவரிடம் கற்றதை வைத்து நானே எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்திருக்கிறேன். நந்தினிக்கு அதைச் சொல்லித் தரவில்லை. காரணம் கேவலமானது. அது தேர்வில் வராது.

யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. உடம்பை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போகும்போது முத்துமாரி நந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க குடுத்த மருந்துலதான் ராத்திரி கொஞ்சம் கண்ணசந்தாவ என்று சொல்லி அழுதாளாம். இதை என்னிடம் சொல்லும்போதுதான் நந்தினி அழுதாள். அன்றைக்கே நான் அவளை அவள் அப்பாவோடு உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. அந்த வார அட்டவணையை எடுத்து, மூன்று நாள் ஓய்வு என்று மாற்றி எழுதினேன். இழவுக்கும் ஒரு கட்டம் போட்டு நிறம் அடித்துவிட்டேன்.

நம் மையத்தில் கடைசிப் பத்து நாள் பிள்ளைகளின் ஃபோனை வாங்கிப் பூட்டி வைக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். நான் கொண்டுவந்த வழக்கம்தான் அது. அன்றைக்கு நந்தினி ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் நின்றாள். காலையில் முத்துமாரி ஊரிலிருந்து பேசியிருக்கிறாள். மாமியார் வீட்டில் அவளை வாட்டி எடுக்கிறார்கள். நெஞ்சு வலிக்கிறது என்றவனை ஒரு டாக்டரிடம்கூடக் காட்டாமல் சாகவிட்டாள், இவளை நம்பிப் பிள்ளையை எப்படி விடுவது என்கிறார்கள். டாக்டரிடம் காட்டினேன் என்று இவள் சொல்வதை ஒருவரும் நம்பவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை அத்தையிடம் பேசுங்கள் டாக்டரம்மா என்று கெஞ்சியிருக்கிறாள்.

"பதினாறாம் நாள் காரியத்துல உக்காந்து பேசுவாங்களாமுங்க மேடம், பையன் யாருகிட்ட இருக்கறதுன்னு" என்றாள் நந்தினி. "அதுக்குள்ள நான் உண்மையைச் சொல்லிடறேனுங்க. வந்தாருங்க, நான்தான் கேஸுன்னு சொல்லி அனுப்பிச்சேன்னு சொல்லிடறேன்."

ஒரு நிமிடம் யோசிக்கிறேன் என்றேன். அந்த ஒரு நிமிடத்தில் என் மனத்தில் ஓடியதை வரிசையாகவே சொல்கிறேன். இவள் பேசினால் அங்கிருந்து யாராவது போலீசுக்குப் போவார்கள். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கிறது. இந்த முறையும் போனால் இவள் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாள், அப்போது தாழ்ப்பாளை உடைக்க ஆள் இருக்குமோ இருக்காதோ. இவ்வளவும் உண்மையான பயம்தான். இதற்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது. உன்னை யார் பார்க்கச் சொன்னது என்று கேட்டால் இவள் என் பெயரைச் சொல்வாள்.

"பரிட்சை முடியட்டும். அதுக்கப்புறம் நானே கூட வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து பேசலாம்" என்றேன். கையை நீட்டினேன்.

அவள் என்னை நம்புகிற பெண். கொடுத்துவிட்டாள். அணைத்துத் தர வேண்டும் என்பது விதி. அணைக்காமல் கொடுத்தாள். நானும் அணைக்கவில்லை. என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

அது அதிர்ந்துகொண்டே இருந்தது. காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் இரண்டு மூன்று தரம். பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருக்கும்போது மேசையே லேசாக உறுமும். எதிரில் இருக்கிற பிள்ளை என் முகத்தைப் பார்க்கும். நான் பேசிக்கொண்டே இருப்பேன். தனியாக இருக்கும்போது திறந்து பார்ப்பேன். முத்துமாரி அக்கா என்று திரையில் இருக்கும். சார்ஜ் தீர்ந்துவிடும்போல் இருந்தபோது நானே சார்ஜரில் போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்காதீர்கள். எடுத்து, நான் ஒரு டாக்டர் பேசுகிறேன், அவரைக் காட்டியது உண்மைதான் என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாளிலிருந்து அது அதிரவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. என் வேலைக் காலத்தில் நான் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன், ஊசி மாற்றிப் போட்டிருக்கிறேன், பேறுகாலத்தில் தாமதம் செய்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஏதோ ஒரு விதத்தில் எனக்கு நானே மன்னித்துவிட்டேன். அந்த அப்பாடாவை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நந்தினி கோயம்புத்தூர் போய்த் தேர்வு எழுதினாள். மறுநாள் காலையில் ஃபோனை எடுத்துக்கொண்டு, சொன்னபடி அவள் வீட்டுக்குப் போனேன். நாங்கள் கோவில்பட்டிக்குப் பேச வேண்டியிருக்கவில்லை. முத்துமாரி முந்தின நாள் சாயங்காலமே திரும்பி வந்திருந்தாள். தனியாக வந்திருந்தாள். அறையைக் காலி செய்ய, பாத்திரங்களைச் சாக்கில் போட்டு, பனியன் துணிக் கிழிசலால் கட்டிக்கொண்டிருந்தாள். பையன் அப்பாயி வீட்டில் இருக்கிறானா என்று நந்தினியின் அம்மா கேட்டதற்கு ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாளாம். எங்களைப் பார்த்ததும் எழுந்து பாயை விரித்துப் போட்டாள். பக்கத்துக் கடையில் டீ வாங்கிவரச் சொல்லி யாரையோ அனுப்பினாள். அவளிடம் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நந்தினி உட்காரவில்லை. "அக்கா, பரிட்சைன்னு ஃபோனைக் குடுத்துட்டேனுங்க. அதான் எடுக்க முடியலீங்க" என்றாள்.

"பரிட்சையா?" என்றாள் முத்துமாரி. "உங்களுக்கு என்னம்மா பரிட்சை? அதான் வெளிநாட்டுல படிச்சு முடிச்சி டாக்டராயிட்டியளே."

"இல்லீங்க்கா. இதுல பாஸானாத்தானுங்க டாக்டரு. நான் இன்னும் ஆகலீங்க."

முத்துமாரி கட்டிக்கொண்டிருந்த முடிச்சைப் பிடித்தபடியே எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது. அந்தக் காம்பவுண்டில் ஒருவருக்கும் தெரியாது. பதினாறு நாள் மாமியார் வீட்டில் அத்தனை பேர் நடுவில் தனியாக நின்று, நான் டாக்டரிடம் காட்டினேன், காட்டினேன் என்று சாதித்தவள் அவள். அவளிடம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

"அப்பம் எங்க அத்தை சொன்னதுதான் நெசமா?" என்று மெதுவாகக் கேட்டாள். "நான் அவுகள டாக்டர்ட்ட காட்டலையா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. நான் டாக்டர், முப்பத்தொரு வருடம் டாக்டர், என் சொல்லின் பேரில்தான் இந்தப் பெண் உங்களையெல்லாம் பார்த்தாள், அதனால் நீ காட்டினாய் அம்மா, தப்பு எங்கள் பக்கம் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அதற்குள் டீ வந்தது. நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

பதில் சொன்னது நந்தினிதான். "காட்டலீங்க்கா. என்கிட்டத்தான் காட்டுனீங்க" என்றாள்.

முத்துமாரி முடிச்சை இறுக்கிவிட்டு அடுத்த சாக்கை எடுத்தாள். நந்தினி பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து பாத்திரத்தை எடுத்துப் போட ஆரம்பித்தாள். முத்துமாரி தடுக்கவும் இல்லை, இடம் விடவும் இல்லை. நான் மட்டும் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பி வந்தேன்.

அடுத்த மாதம் முடிவு வந்தது. நந்தினி நூற்று எழுபதுக்கு மேல் எடுத்திருந்தாள். அவள் படத்தை ஃப்ளெக்ஸில் போட மையத்திலிருந்து ஃபோட்டோ கேட்டார்கள், தர மாட்டேன் என்றுவிட்டாள். இப்போது ஒரு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருக்கிறாள். என்னிடம் பேசுவதில்லை, அதில் எனக்கு வருத்தம் உண்டு, கேட்க உரிமை இல்லை. நீங்களும் நாளைக்கு ஒரு பிள்ளைக்கு அட்டவணை போடுவீர்கள். பக்கத்து வீட்டு ஆட்களைப் பார்த்துப் படி என்று சொல்லத் தோன்றினால், அந்த ஆள் உங்கள் நோயாளி என்று நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். அப்படி நினைத்தால் அநேகமாகச் சொல்லவே மாட்டீர்கள்.

முடிவு வந்த அன்றைக்கு, முத்துமாரியிடம் நம்பர் வாங்கி அவள் மாமனாருக்கு நானே ஃபோன் செய்தேன். என் பெயரைச் சொன்னேன், பதிவு எண்ணைச் சொன்னேன். உங்கள் மருமகள் அவரைக் காட்டத்தான் செய்தாள், கவனிக்காமல் விட்டது நாங்கள், வழக்குப் போடுவதாக இருந்தால் என் மேல் போடுங்கள் என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார். பேரனை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது என்று சொல்லி ஃபோனை வைத்தார்.